பரம்பிய கணினி வலையமைப்பில் நேரமும் நிகழ்ச்சி ஒழுங்கும்: கொழும்பு நகரை முன்வைத்து ஒரு விளக்கம்

2006ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள் தொடங்கி அரைமணி நேரம் கழிந்த வேளையில் இலங்கையின் மணிக்கூடுகள் அரைமணி நேரம் பின்னே திருப்பப்பட்டன. நள்ளிரவு 12.30 மீண்டும் 12.00 ஆயிற்று. அந்நாளின் முதல் அரைமணி நேரத்தை நாட்டவர் இருமுறை வாழ்ந்தனர் எனலாம். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலமாதலாற் பெரும்பாலோர் உறக்கத்தில் இருந்தனர். அவர்களுக்கு இதனால் வந்த இடர் யாதுமில்லை. ஆனால் உறங்காத கணினிகளின் நிலை வேறு. வெள்ளவத்தையில் ஒரு பணம் வழங்கும் இயந்திரம், திருப்புவதற்கு முன்னர் 12.20க்கு ஒருவருக்குப் பணம் கொடுத்தது என்றும், கால்மணி நேரத்தின் பின்னர் மற்றொருவருக்குக் கொடுத்தது என்றும் கொள்வோம். சுவர்மணிக்கூட்டை மட்டும் நம்பி எழுதும் இயந்திரமாயின் இரண்டாவது கொடுப்பனவுக்கு அது 12.05 என்று குறித்திருக்கும். மறுநாட் காலையில் அப்பதிவைப் பார்ப்பவருக்குப் பிந்தியது முந்தியதாகத் தோன்றும். கணக்கில் மீதி இருந்ததா, இல்லையா என்ற வழக்கு இத்தகைய ஒரு வரிசைப் பிழையிலிருந்து எழக்கூடும்.

ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்துகொண்டு, செய்திகளைப் பரிமாறுவதன் மூலம் மட்டுமே ஒன்றையொன்று அறிந்து, ஒரு பொதுப்பணியை ஆற்றும் கணினிகளின் கூட்டத்தைப் பரம்பிய கணினி வலையமைப்பு என்பர். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மணிக்கூடு உண்டு. அம்மணிக்கூடுகளை எவ்வாறு ஒன்றுபடுத்துவது, ஒன்றுபடாவிடத்து நிகழ்ச்சிகளின் முன்பின் வரிசையை எவ்வாறு துணிவது என்பனவே இத்துறையின் அடிப்படை வினாக்கள். இவை பிறநாட்டு ஆய்வுகூடங்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ணவேண்டியதில்லை. நம் நாடு இவ்வினாக்களை ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தன் அன்றாட வாழ்விற் சுமந்திருந்தது.

கொழும்பு நகரின் இயற்கையான நேரம், அதன் நெடுங்கோட்டின்படி, கிறீன்விச் நேரத்துக்கு ஏறத்தாழ 5 மணி 19 நிமிடம் முற்பட்டது. 1906இல் இலங்கை, இந்தியாவைப் போன்று, 5½ மணி நேர முற்பாட்டை நியமமாகக் கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் இருமுறை மணிக்கூடுகள் முன்னே நகர்த்தப்பட்டு, 1945இற் பழைய நிலைக்கு மீட்கப்பட்டன. 1996இல் மழை பொய்த்து நீர்மின் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மே 25ஆம் நாள் நேரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அதிற் பாதி குறைக்கப்பட்டது. எஞ்சிய அரைமணியே நாம் மேற்கூறிய 2006ஆம் ஆண்டு இரவில் நீங்கியது. 'பழைய நேரமா, புதிய நேரமா?' என்ற வினா கலியாண வீட்டிலும் கடையிலும் பன்முறை கேட்கப்பட்ட காலம் அது.

இம்மாற்றத்தை விடுதலைப் புலிகள் தம் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பகுதிகளில் ஏற்கவில்லை. அங்கே 5½ மணி நேரமே தொடர்ந்தது. இதனால் ஒரு தீவில், ஒரு நெடுங்கோட்டிலே, இரண்டு நேரங்கள் நிலவின. 2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் சென்றோர் ஓமந்தையைக் கடந்ததும் கைக்கடிகாரத்தை அரைமணி பின்னே திருப்பி, முகமாலையைக் கடந்ததும் மீண்டும் முன்னே திருப்பினாலே அவ்வவ்விடத்து நேரத்தோடு பொருந்தமுடிந்தது. ஓமந்தையில் ஒரு பக்கத்துக் காவலரண் பேருந்தொன்று 10.00 மணிக்குப் புறப்பட்டதாக எழுதுகிறது எனவும், பேருந்து இடைவெளியைப் பத்து நிமிடத்திற் கடக்கிறது எனவும் வைத்துக்கொண்டால், எதிர்ப்பக்கத்துக் காவலரண் அது 9.40க்கு வந்துசேர்ந்ததாக எழுதும். புறப்படுமுன்னரே சேர்ந்துவிட்ட பேருந்து அது! எழுதிய இருவரும் பொய் எழுதவில்லை. இரு மணிக்கூடுகளும் பழுதானவையும் அல்ல. இரண்டு குறிப்புகளையும் ஒருங்கே வைத்து வாசிக்கும்போதே பிழை பிறக்கிறது. இவ்வெடுத்துக்காட்டை வாசகர் மனத்தில் இருத்தவேண்டுகிறோம். பின்னர் இதற்கு மீள்வோம்.

அரசியலாற் பிரிந்த மணிக்கூடுகள் ஒருபுறமிருக்க, ஒரே நேரத்துக்கு வைக்கப்பட்ட மணிக்கூடுகளும் நாளடைவிற் பிரிந்துவிடும். கணினியின் மணிக்கூடு ஒரு படிகத்தின் அதிர்வை எண்ணி நேரம் அறிகிறது. கைக்கடிகாரங்களில் அப்படிகம் செக்கனுக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டப்பட்டிருக்கும். வெட்டிலுள்ள நுண்ணிய வேறுபாடும் சூழலின் வெப்பமும் அதன் அதிர்வைச் சற்றே மாற்றும். பத்து இலட்சத்தில் இருபது பங்கு பிழை என்பது மலிவான படிகத்துக்குப் பெரிய குறையன்று. ஆயினும் அதன்படி ஒரு நாளில் 1.7 செக்கன் வரையும், ஒரு மாதத்தில் ஏறத்தாழ 52 செக்கன் வரையும் விலகல் சேரும். மனிதருக்கு இது பொருட்டன்று. ஆனால் கொழும்பு 6 ஆகிய வெள்ளவத்தைக்கும் கொழும்பு 13 ஆகிய கொட்டாஞ்சேனைக்கும் இடையே பத்துக் கிலோமீற்றர் நீளமான ஒளியிழை இருப்பின், அதனூடாக ஒரு சைகை ஏறத்தாழ 50 மைக்குரோசெக்கனிற் சென்றுவிடும். ஒரு நாளில் மணிக்கூடு விலகும் அந்த 1.7 செக்கனுக்குள் அச்சைகை முப்பதினாயிரம் தடவைக்கு மேல் அவ்வழியைக் கடக்கலாம். கணினியின் உலகில் அஃது ஒரு யுகம்.

ஆகவே மணிக்கூடுகளை இடையிடையே செவ்வை பார்க்கவேண்டும். முன்னாளில் இதற்குக் கண்ணும் காதும் போதியனவாயிருந்தன. கோட்டையில் 1857இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம், பின்னர் வெளிச்சவீடாகவும் பணிசெய்தது, தன்னைக் கண்டவர்க்கெல்லாம் ஒரே நேரத்தைச் சொன்னது. காணாத தொலைவில் இருந்தவர்க்குப் பிற்காலத்தில் வானொலியின் நேரக்குறியொலி உதவிற்று. வானொலி அலை வெள்ளவத்தைக்கு ஒரு கணமும் கொட்டாஞ்சேனைக்கு மற்றொரு கணமும் பிந்திச் செல்வதுண்டு எனினும், சுவர்மணிக்கூடு வைத்திருப்பவர் அதைக் கணக்கிற் கொள்ளவேண்டியதில்லை. கணினி கொள்ளவேண்டும். செய்தி வருவதற்கு எடுத்த நேரத்தை அறியாமல், செய்தி சொல்லும் நேரத்தை அதனாற் பயன்படுத்த இயலாது.

இதற்கு வகுத்த வழி எளியது. கொட்டாஞ்சேனை வீட்டார் வெள்ளவத்தை வீட்டாரின் மணிக்கூட்டை அறிய விரும்பி, ஒரு துண்டுக் கடிதத்தை முச்சக்கரவண்டியில் அனுப்புகின்றனர் என்க. தம் மணிக்கூட்டின்படி வண்டி 4.00க்குப் புறப்பட்டு 5.30க்குத் திரும்புகிறது. வெள்ளவத்தையார் கடிதம் கிடைத்த கணத்திலேயே '4.50' என்று எழுதித் திருப்பியனுப்பியுள்ளனர். போகவும் வரவும் சமநேரம் சென்றதெனக் கொண்டால், கடிதம் அங்குச் சேர்ந்தது கொட்டாஞ்சேனையின் 4.45க்கு, எனவே கொட்டாஞ்சேனை மணிக்கூடு ஐந்து நிமிடம் பிந்தியுள்ளது. பெறும் நேரம், திருப்பும் நேரம் இரண்டையும் பிரித்துக் குறித்தால், அங்கே தாமதித்த நேரத்தையும் கழித்துவிடலாம். அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்டதும், இன்று உலகெங்கும் கணினிகள் கைக்கொள்வதுமான வலையமைப்பு நேர நெறிமுறையின் கரு இவ்வளவே. புறப்பாடு இரண்டு, வருகை இரண்டு ஆக நான்கு நேரக்குறிகள். அவற்றின் கூட்டலும் கழித்தலும். இலங்கையின் நியம நேரத்தைப் பேணும் பொறுப்புடைய அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களமும் இணையவழி நேரத்தை அறியத்தருகிறது.

எனினும் மாலைவேளையிற் காலி வீதியை அறிந்தவர்கள் மேற்கூறிய கணக்கை உடனே ஐயுறுவர். கந்தோர் விடும் நேரத்தில் நகரின் நடுவிலிருந்து கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி வழியாகத் தெற்கே செல்வது கடினம். எதிர்த்திசையில் வருவது எளிது. வண்டி போவதற்கு ஒரு மணி நேரமும் வருவதற்கு அரைமணி நேரமும் எடுத்திருந்தால், கடிதம் சேர்ந்தது கொட்டாஞ்சேனையின் 5.00 மணிக்கு. அவ்வாறாயின் அம்மணிக்கூடு ஐந்து நிமிடம் பிந்தியதன்று. பத்து நிமிடம் முந்தியது. திருத்தம் என்று நாம் செய்தது பிழையை மிகுவித்துவிட்டது. போக்குவரத்து மொத்தத்தில் ஒன்றரை மணி என்பதை மட்டும் அறிந்தவர் தம் விடை முக்கால் மணிவரை இருபுறமும் பிழைக்கக்கூடும் என்பதற்கு மேல் எதுவும் உறுதியாகச் சொல்லமுடியாது. கணினி வலையமைப்பிலும் இதே நிலைதான். பலமுறை கேட்டு, மிகக் குறைந்த நேரத்தில் வந்த மறுமொழியை நம்புவது ஒரு பரிகாரம். வீதி வெறுமையாயிருந்த வேளையிற் சென்ற வண்டியை நம்புவது போன்றது அது. பிழை சிறுக்குமே அன்றி ஒழியாது.

மற்றொரு நுட்பமும் குறிக்கத்தக்கது. முந்திவிட்ட மணிக்கூட்டைத் திடீரெனப் பின்னே திருப்பக்கூடாது. திருப்பினால் 2006ஆம் ஆண்டு இரவின் கதையே சிறிய அளவில் நிகழும். ஆதலால் விலகல் சிறிதாயிருக்கும்போது மணிக்கூட்டின் ஓட்டத்தைச் சற்றே மெதுவாக்கி, உண்மை நேரம் அதை எட்டிப்பிடிக்க விடுகின்றனர். நாட்டு நேர மாற்றங்களைப் பொறுத்தவரை, கணினி தன் அகத்தே உலகப் பொது நேரத்தை மட்டும் எண்ணிக்கொண்டு, மனிதருக்குக் காட்டும்போது மாத்திரம் உள்ளூர் நேரமாக மாற்றுவதே முறை. இம்முறையைக் கைக்கொண்ட கணினிகளுக்கு அவ்விரவில் 12.10 இருமுறை வரவில்லை.

இனி, மணிக்கூடுகள் ஒருபோதும் முற்ற ஒன்றுபடா என்பதை ஒப்புக்கொண்டால் என் செய்வது? இவ்விடத்திற் பஞ்சாங்கத்தை நினைவுகூர்தல் தகும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் புத்தாண்டு பிறக்கும் வேளையை வேறுவேறாகக் கணிக்கின்றன. நாளிதழ்களும் இரண்டையும் வெளியிடுகின்றன. எது சரி என்ற வழக்கு நெடியது. ஆயினும் ஒரு கோயில் ஒரு பஞ்சாங்கத்தைத் தொடர்ந்து பின்பற்றும்வரை அதன் கொடியேற்றமும் தேரும் தீர்த்தமும் வரிசை பிறழாது நடைபெறுகின்றன. உண்மை நேரம் யாது என்ற வினாவும், எது முன் எது பின் என்ற வினாவும் வெவ்வேறானவை. பின்னதற்கு விடைகாண முன்னது வேண்டியதில்லை.

இவ்வேறுபாட்டைக் கணினித்துறையில் ஐயந்திரிபறக் காட்டியவர் லெஸ்லி லம்போர்ட். 1978இல் வெளிவந்த அவரது கட்டுரை, நிகழ்ச்சிகளின் முன்பின் உறவை மூன்று விதிகளால் வரையறுத்தது. ஒரே கணினியில் நிகழும் இரண்டனுள் முதலில் நிகழ்ந்தது முந்தியது. ஒரு செய்தியை அனுப்புதல் அதனைப் பெறுதலுக்கு முந்தியது. முந்தியதற்கு முந்தியதும் முந்தியதே. இம்மூன்றாலும் தொடர்புறாத இரு நிகழ்ச்சிகள் உடனிகழ்வன எனப்படும். அவற்றுள் எது முன் என்று கேட்பதற்கே வலையமைப்பினுள் இருப்பவர்க்கு ஆதாரமில்லை. இவ்வுறவைக் காக்க அவர் கூறிய மணிக்கூடு ஓர் எண்ணி மட்டுமே. நிகழ்ச்சிதோறும் எண் ஒன்று கூடும். அனுப்பும் செய்தியில் எண் பொறிக்கப்படும். பெறுபவர் தம் எண் அதனிலும் பெரிதாகுமாறு உயர்த்திக்கொள்வார்.

ஓமந்தைப் பேருந்துக்கு மீள்வோம். புறப்பாட்டுச் சீட்டில் 10.00 என்று கண்ட எதிர்ப்பக்கத்துக் காவலரண், தன் சுவரில் 9.40 என்றிருந்தபோதிலும், வருகைப் பதிவேட்டில் 10.01 என்று எழுதி, அதன்பின் வருவனவற்றுக்கெல்லாம் அதற்கு மேற்பட்ட எண்களையே இடுமாயின், புறப்படுமுன் சேர்ந்த பேருந்து ஒருபோதும் பதிவேட்டில் இராது. இரு தரப்பும் ஒரே நேரத்தை ஏற்கவேண்டும் என்ற நிபந்தனை இங்கு இல்லை. வருபவர் கொணரும் குறிப்பை மதித்தல் ஒன்றே போதும்.

இவ்வெண்ணிகளைக் கொண்டு செயன்முறைகளை ஒழுங்குபடுத்துவது எவ்வாறெனக் காண்போம். கணவனும் மனைவியும் கூட்டாக வைத்துள்ள கணக்கில் 10,000 ரூபாய் உண்டு. கணவன் கொட்டாஞ்சேனையில் 7,000 ரூபாயும், மனைவி வெள்ளவத்தையில் 8,000 ரூபாயும் ஒரே வேளையிற் கேட்கின்றனர். இரு கிளைகளும் பேரேட்டின் பிரதியை வைத்துக்கொண்டு தாமாகவே துணிந்தால் இருவருக்கும் பணம் போய்விடும். எனவே ஒவ்வொரு கிளையும் தன் வேண்டுகையை எண்ணிட்டு மற்றதற்கு அனுப்புகிறது. இரண்டும் வேண்டுகைகளை எண் வரிசையில் அடுக்குகின்றன. வரிசையின் தலையில் இருப்பதே நிறைவேறும். ஆனால் உடனே அன்று. மற்றக் கிளையிடமிருந்து அதனிலும் பெரிய எண் கொண்ட ஒரு செய்தி வந்துசேரும்வரை பொறுத்திருக்கவேண்டும். ஏனெனில் சிறிய எண்ணுடைய வேண்டுகையொன்று இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கலாம். செய்திகள் அனுப்பிய வரிசையிலேயே வந்துசேரும் என்பதும் இங்கு முற்கோள். இரு வேண்டுகைகளும் 41 என்ற எண்ணையே பெற்றிருப்பின்? முன்னரே உடன்பட்ட ஏதேனும் ஒரு வரிசை போதும். அகரவரிசையைக் கொண்டால் கொட்டாஞ்சேனை எப்போதும் வெள்ளவத்தைக்கு முந்தும். வெள்ளவத்தையார் இதை அநீதி என்பர். அவர்கள் சொல்வது சரியே. ஆயினும் இரு பேரேடுகளும் ஒரே முடிவுக்கு வருகின்றன. கணவன் 7,000 பெறுகிறான். எஞ்சிய 3,000 போதாமையால் மனைவியின் வேண்டுகை மறுக்கப்படுகிறது. வீட்டில் நிகழப்போவது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இம்முறையின் பெருங்குறை, ஒரு கிளை மௌனமானால் யாவும் நின்றுவிடுதல். வெள்ளவத்தையில் மின்சாரம் நின்றால் கொட்டாஞ்சேனையிலும் பணம் கிடையாது. மின்வெட்டை நன்கறிந்த நம் நாட்டில் இது சிறு குறையன்று. பெறாத மறுமொழி தாமதித்ததா, அன்றி அனுப்பியவர் செயலிழந்தாரா என்பதை மௌனத்தைக் கொண்டு அறிய வழியில்லை. அதனாலேயே, பிரதிகள் பல இருப்பினும், வங்கிகள் ஒரு கணக்குக்குரிய தீர்ப்பை ஓரிடத்தில் வைப்பதை விரும்புகின்றன. இலங்கையில் வெவ்வேறு வங்கிகளின் பண இயந்திரங்களை இணைக்க 2013இல் லங்காகிளியர் நிறுவனம் அமைத்த பொது இணைப்பும் வேண்டுகையை ஒரு மையத்தினூடாகவே உரிய வங்கிக்கு அனுப்புகிறது.

எண்ணிகளின்றியும் ஒழுங்கு காக்கலாம் என்பதற்குப் புகையிரதப் பாதை சான்று. றம்புக்கணைக்கு அப்பால் மலைநாட்டுப் பாதை ஒற்றைத் தண்டவாளம். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியினுள் ஒரு புகையிரதம் நுழையவேண்டுமாயின் அப்பகுதிக்குரிய உலோக வில்லை சாரதியின் கையில் இருத்தல் வேண்டும். இரு நிலையங்களிலுமுள்ள பொறிகள் மின்கம்பியாற் பிணைக்கப்பட்டுள்ளன. ஒரு வில்லை வெளியே இருக்கும்வரை மற்றொன்றை எந்தப் பக்கத்திலும் எடுக்கமுடியாது. நிலைய அதிபர்களின் மணிக்கூடுகள் முரண்பட்டாலும் புகையிரதங்கள் மோதா. கணினி வலையமைப்பில் இவ்வில்லையின் இடத்தை, கைமாறிச் செல்லும் ஒரு செய்தி பெறுகிறது. அதை வைத்திருப்பவரே பொதுப்பொருளைத் தொடலாம். அச்செய்தி வழியிற் காணாமற் போனால் அதை மீண்டும் உண்டாக்குவது எவ்வாறு, இரண்டு உண்டாகாமற் காப்பது எவ்வாறு என்பது தனியொரு சிக்கல்.

லம்போர்ட்டின் எண்ணியிலும் ஒரு போதாமை உண்டு. முந்தியதன் எண் சிறிதாயிருக்கும் என்பது உறுதி. எண் சிறிதாயிருப்பதெல்லாம் முந்தியது என்பது உறுதியன்று. இதனைத் தீர்க்க 1988இல் பிட்ஜ், மற்றேர்ன் ஆகிய இருவரும் தனித்தனியே ஒரு வழி கண்டனர். தபால் சீர்குலைந்த காலத்தில் வெள்ளவத்தை, யாழ்ப்பாணம், ரொறன்ரோ ஆகிய மூவிடத்தில் வாழும் குடும்பமொன்றை எண்ணிக்கொள்வோம். ஒவ்வொருவரும் தம் கடிதத்தின் தலைப்பில், 'இது எனது ஐந்தாவது கடிதம். யாழ்ப்பாணத்தின் ஏழாவது வரையும் ரொறன்ரோவின் இரண்டாவது வரையும் அறிந்த நிலையில் எழுதுகிறேன்' என்று குறித்தால், கடிதங்கள் எவ்வளவு தாறுமாறாக வந்தாலும், எது எதற்கு மறுமொழி, எவை ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்டவை என்பதைத் திகதியே இன்றித் துணியலாம். ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, இடத்துக்கு ஒன்றாக ஓர் எண்தொடர். 'வீட்டை விற்கவேண்டாம்' என்று ரொறன்ரோவிலிருந்து எழுதியவர் விற்றுவிட்ட செய்தியை அறிந்து எழுதினாரா, அறியாது எழுதினாரா என்பதில் ஒரு குடும்பத்தின் மனக்கசப்பே தங்கியிருக்கலாம்.

மணிக்கூடுகளை முற்றாகக் கைவிடும் போக்கு இத்துறையின் இறுதி நிலையன்று. 2012இல் கூகிள் நிறுவனத்தார் விவரித்த 'ஸ்பானர்' என்னும் தரவுத்தளம் அணுமணிக்கூடுகளையும் செய்மதிச் சைகைகளையும் துணைக்கொண்டு, நேரத்தை ஒரு புள்ளியாகக் கூறாமல், 'இதற்கும் இதற்கும் இடைப்பட்டது' என ஓர் இடைவெளியாகக் கூறுகிறது. அவ்விடைவெளி பெரும்பாலும் 10 மில்லிசெக்கனுக்குக் குறைவு. வரிசை ஐயத்துக்கிடமாகும்போது அவ்வளவு நேரம் காத்திருந்து, ஐயம் நீங்கிய பின்னரே முடிவை வெளியிடுகிறது. தன் மணிக்கூட்டின் பிழையைத் தானே அறிவிக்கும் நேர்மை அதன் சிறப்பு என்று கருதுகிறோம்.

இன்று உலகின் பெரும்பாலான கணினிகளில் நேர வலயங்களின் வரலாற்றுத் தொகுதியொன்று பொதிந்துள்ளது. அதில் இலங்கைக்குக் 'கொழும்பு' என்ற பெயரில் ஒரே பகுதி உண்டு. 1906, 1942, 1945, 1996, 2006 ஆகிய ஆண்டுகளின் மாற்றங்கள் அதில் வரிவரியாக உள. வன்னியில் வழங்கிய நேரத்துக்கு அதில் தனிப்பகுதி இல்லை. 1996க்கும் 2006க்கும் இடையே அங்குப் பிறந்தவர்களின் சாதகத்தைக் கணினியிற் கணிப்பவர் பிறந்த ஊரைக் கிளிநொச்சி என்று கொடுத்தாலும், மென்பொருள் கொழும்பு நேரத்தையே கொள்ளும். தாய் தந்தையர் குறித்துவைத்தது வன்னி நேரமாயின் கணிப்பு அரைமணி பிழைக்கும். ஒரு நவாம்சம் ஏறத்தாழ 13 நிமிடம் ஆதலால் இரண்டுக்கு மேற்பட்ட நவாம்சங்கள் இடம்பெயர்ந்துவிடும். இலக்கினம் மாறுவதுங் கூடும். அப்பிள்ளைகளுட் பலர் இப்போது திருமண வயதினர். பொருத்தம் பார்க்க வருவோரிடம் கணிப்பவர் ஊரையும் நாளையும் கேட்டபின், இயந்திரத்துக்குத் தெரியாத ஒன்றையும் கேட்டாகவேண்டும்: 'பிறந்த நேரம் பழைய நேரமா, புதிய நேரமா?'